இரவு 11:41

“போட்டியில புள்ளியக் காணோம் கண்ணு” என்றுதான் பெரியப்பா போனில் பேச்சைத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க்கைச் சொல்கிறாரா, கபடியைச் சொல்கிறாரா என்று நான் குழம்புவதற்குள் அவரே விளக்கினார். கட்டுரைப் போட்டிக்கு அவர் அனுப்பிய மெயிலுக்குப் பதில் வந்திருக்கிறதாம். அந்தப் பதிலின் தலைப்பு வரியில் ‘போட்டி’ என்ற சொல்லில் முதல் டகரத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி இல்லையாம். அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி ஒன்று, பக்கத்திலேயே இன்னொன்று. “தமிழ்ல போட்டி வெக்கறவங்க தலைப்ப இப்படியா எழுதுவாங்க?” அதற்கு அப்புறம்தான், ஏதோ மறந்துபோன சில்லறை விஷயம் மாதிரி, பதிலுக்குள் என்ன எழுதியிருந்தது என்று சொன்னார். கட்டுரை கெடு முடிந்த பிறகு வந்ததால் ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம்.

இது 2023 ஆகஸ்ட் முதல் வாரம். பெரியப்பா உடுமலைப்பேட்டைக்காரர். நில அளவையில் முப்பத்து நாலு வருடம் சங்கிலி இழுத்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே பைத்தியம் அமராவதியின் பழைய வாய்க்கால்கள். எந்த மடை எங்கே இருந்தது, எது தூர்ந்துபோனது, எது யார் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது என்று நடந்தே பார்த்து நோட்டு நோட்டாகக் குறித்து வைத்திருக்கிறார். ஓர் அமைப்பு நீர்நிலைகளைப் பற்றிக் கட்டுரைப் போட்டி அறிவித்ததும் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். டைப் அடிக்கவே அதற்காகத்தான் கற்றுக்கொண்டார். கடைசி நாள் ஜூலை 31 நள்ளிரவு. அன்றைக்கு இரவு வரைக்கும் திருத்திக்கொண்டே இருந்துவிட்டு அனுப்பினார். ஏன் கடைசி நாள் வரை வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் கோபம் வரும். கோப்பு என்றாலே கடைசி நாளில்தான் நகரும் என்பது அவர் கட்சி.

“அனுப்பின பெட்டியில நேரம் இருக்குது பாரு. முப்பத்தொண்ணாந் தேதி, ராத்திரி பதினொண்ணு நாப்பத்தொண்ணு. இன்னும் பத்தொம்பது நிமிஷம் பாக்கி. இது எப்படிக் கெடு முடிஞ்ச பொறகு ஆகும்?”

நான் எட்டு வருடமாக ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். இந்த மாதிரிக் கேள்வி எனக்கு வாரத்துக்கு இரண்டு வரும். அதனால் சட்டென்று, யோசிக்காமலே, “பெரியப்பா, அனுப்பின பெட்டியில இருக்கற நேரத்த நம்பக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டேன். அந்த முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் அவருடைய நேரத்தை நம்பவில்லை என்றால் அவரையே நம்பவில்லை என்று ஆகிவிடுகிறது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

புள்ளி எங்கே போனது

முதலில் புள்ளி விவகாரத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அதுதான் எனக்குச் சுலபம்.

மெயிலின் தலைப்பகுதி, அதாவது யாரிடமிருந்து, யாருக்கு, தேதி, பொருள் என்று வரும் வரிகள், ஆங்கில எழுத்துகளை மட்டும் மனதில் வைத்து உருவானவை. 1982-ல் டேவிட் கிராக்கர் தொகுத்த ஆர்.எஃப்.சி. 822 என்ற விதிநூல்தான் இன்றைக்கு வரைக்குமான எலும்புக்கூடு. அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே, 1973-ல், ஆர்.எஃப்.சி. 561 என்று சில பக்கங்களில் முதல் வரைவு வந்துவிட்டது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். இன்னொருவர் மெயில் முகவரிக்கு நடுவில் அந்தச் சுழி ‘அட்’ குறியைக் கொண்டுவந்த ரே டாம்லின்சன். இவர்கள் யாரும் புள்ளி வைத்த எழுத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் கணக்கில் மொத்தம் 128 குறிகள்தான்.

மற்ற மொழிக்காரர்கள் வந்து கதவைத் தட்டியபோது கதவைப் பெரிதாக்காமல் ஒரு தந்திரம் செய்தார்கள். 1990-களில் கீத் மூர் எழுதிய விதி அது: தலைப்பில் வேற்றுமொழி எழுத்து வந்தால் அதை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆன ஒரு சங்கேதமாக மாற்றி, முன்னால் ‘=?’ என்றும் பின்னால் ‘?=’ என்றும் முடிச்சுப் போட்டு அனுப்பு; வாங்குகிறவன் முடிச்சை அவிழ்த்துப் படித்துக்கொள்ளட்டும். ஒரு முடிச்சுக்கு மொத்தம் 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த முடிச்சு உட்கார்ந்திருக்கும் வரியும் 76 எழுத்தைத் தாண்டக் கூடாது.

இந்த இடத்தில் தமிழுக்குக் கொஞ்சம் நெருக்கடி. உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கணினியில் எண்ணாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. குறி என்று சொல்வதைக் கவனிக்கவும். ‘ட்’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு டகரம் ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு குறி, ஆறு பைட். சங்கேதமாக மாற்றும்போது மூன்று பைட் நாலு எழுத்தாக விரியும். அதனால் தமிழில் தொடங்கும் எந்தத் தலைப்பின் மூல வடிவத்தைத் திறந்தாலும் ‘நாலு, கே, ஆறு’ அல்லது ‘நாலு, கே, கூட்டல் குறி’ என்றுதான் தொடங்கும், முதல் இடைவெளி வரும் வரைக்கும் அதே மூன்றும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பழகிவிட்டால் இது தமிழ் மெயில் என்று முடிச்சை அவிழ்க்காமலே சொல்லிவிடலாம். எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமை உண்டு.

பெரியப்பாவின் தலைப்பு ‘கட்டுரைப் போட்டி: அமராவதி வாய்க்கால்கள்’. முதல் வரியில் ‘சப்ஜெக்ட்’ என்ற சொல்லும் அதன் முக்காற்புள்ளியும் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஒன்பது இடத்தைத் தின்றுவிடுகின்றன. முடிச்சின் வாலும் தலையும் பன்னிரண்டு. மிச்சம் 55. சங்கேதம் நாலு நாலு எழுத்தாகத்தான் நகரும் என்பதால் அதற்குக் கிடைப்பது 52 எழுத்து, அதாவது 39 பைட். ‘கட்டுரைப்’ ஒன்பது குறி, 27 பைட். இடைவெளி ஒன்று, 28. ப, ஓகாரக் குறி, ட என்று 37 ஆகிவிட்டது. அடுத்தது புள்ளி. அதற்கு மூன்று பைட் வேண்டும், இருப்பது இரண்டு.

எந்தக் குறியையும் நடுவில் வெட்டக் கூடாது, முழுசாக அடுத்த முடிச்சுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது. பெரியப்பாவின் மடிக்கணினியில் இருந்த பழைய மெயில் செயலியை எழுதியவர் அந்த வரியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. புள்ளியின் முதல் இரண்டு பைட்டை இந்தப் பக்கமும் கடைசி ஒன்றை அந்தப் பக்கமும் வெட்டிப் போட்டுவிட்டது. வாங்குகிற பக்கம் ஒவ்வொரு முடிச்சையும் தனித்தனியாக அவிழ்க்கும்போது அங்கே ஒரு துண்டு, இங்கே ஒரு துண்டு, இரண்டுக்கும் அர்த்தமில்லை. துண்டுக்கு ஒன்றாக இரண்டு கேள்விக்குறி. பதில் எழுதியவர் தலைப்பைத் தொடவே இல்லை. வந்ததை அப்படியே எடுத்து முன்னால் ‘ரீ’ சேர்த்து அனுப்பியிருக்கிறது அவர் கணினி. (அந்த ‘ரீ’ ரிப்ளை என்பதன் சுருக்கம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது லத்தீன், ‘இன்ன விஷயமாக’ என்று அர்த்தம். நம் அலுவலகக் கடிதத்தில் ‘பொருள்:’ என்று போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.)

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். “அப்ப புள்ளியத் தொலைச்சது நம்ம பக்கமா?” ஆமாங்க என்றேன். “சரி, அது போகட்டும். நேரத்தைச் சொல்லு.”

சாட்சிக்கு ஒரு நகல்

அனுப்பிய பெட்டியில் இருக்கும் மெயிலை அவர் எனக்கு ஃபார்வர்டு செய்தார். அதில் ஒன்றும் இல்லை. ஃபார்வர்டு செய்தால் பழைய மெயிலின் தேதியும் பெயரும் புது மெயிலின் உடம்புக்குள் வெறும் வாசகமாகப் படியெடுக்கப்படும், அவ்வளவுதான். பத்திரத்தைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்த மாதிரி. அப்புறம் வாட்ஸ்அப்பில் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். அதிலும் 11:41. நான் திரும்பத் திரும்ப இது உதவாது என்று சொல்லச் சொல்ல, அவருக்கு நான் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டேன்.

எப்படி விளக்குவது என்று தெரியாமல் கடைசியில் தபாலுக்குப் போனேன். பெரியப்பா, நீங்க ஒரு கடுதாசி எழுதி மேலே தேதி போடறீங்க. அது நீங்க போட்ட தேதி. தபாலாபீஸ்காரன் உறைமேல் குத்தும் முத்திரையில் இருப்பது அவன் போட்ட தேதி. உங்கள் பெட்டியில் இருப்பது முத்திரை குத்துவதற்கு முன்னால் வீட்டில் எடுத்துவைத்த நகல். அதில் எங்கே இருந்து முத்திரை வரும்?

“அப்ப முத்திரை குத்தின கடுதாசி யார்கிட்ட இருக்குது?”

“வாங்கினவங்ககிட்டங்க.”

“வாங்கினவன் நீயும்தான?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மெயிலில் என்னையும் சிசி-யில் போட்டிருந்தார், சாட்சிக்கு. கார்பன் தாள் வைத்து மூன்று படி எடுத்து வேலை பார்த்த தலைமுறை. சிசி என்பது கார்பன் காப்பி என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகஸ்ட் 1 காலையில் அந்த மெயிலைப் பார்த்து ‘சூப்பர் பெரியப்பா’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மறந்தே போயிருந்தேன். அந்தப் பக்கம் அமைப்பிடம் போன அதே மெயில், அதே வழியில், என்னிடமும் வந்து கிடக்கிறது.

கீழிருந்து மேலே

அடுத்த சனிக்கிழமை உடுமலைக்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் பெட்டியில் அந்த மெயிலின் அசல் வடிவத்தைத் திறந்தேன். திரை முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி வரிகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

இதைப் பார்க்காதவர்களுக்கு: நாம் மெயில் என்று பார்ப்பது செயலி அலங்காரம் பண்ணி நிறுத்திய பிம்பம். உள்ளே இருப்பது முழுக்க வெறும் எழுத்து. மேலே தலைப்பகுதி, ஒரு பெயர், ஒரு முக்காற்புள்ளி, அதற்கு எதிரே ஒரு விவரம் என்று வரிவரியாகப் போகும். ஒரு வரி இடைவெளியோடு தொடங்கினால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. பிறகு ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரிக்குக் கீழே கடிதம். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து என்று இருப்பது அந்த ஒரு வெற்று வரிதான். ஐம்பது வருடமாக இதில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

இந்தத் தலைப்பகுதியில் அனுப்பியவர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் அனுப்புகிறவரின் கணினி எழுதுவது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பெறுநர் என்று எழுதியிருப்பவருக்குத்தான் மெயில் போகும் என்றுகூட இல்லை. கல்யாணப் பத்திரிகையின் உள்ளே எல்லாருக்கும் ஒரே வாசகம் அச்சடித்திருக்கும்; தபால்காரர் பார்ப்பது மேல் உறையில் எழுதிய விலாசத்தை. மெயிலுக்கும் அப்படி ஓர் உறை உண்டு, சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது காட்டிக்கொள்வது. நம் கைக்கு வரும்போது அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அனுப்பியவர் விலாசத்தை மட்டும் ‘ரிட்டர்ன்-பாத்’ என்ற ஒரு வரியில் குறித்து வைப்பார்கள். வங்கி மேனேஜர் பெயரில் மோசடி மெயில் வருவதெல்லாம் இந்த உறைக்கும் உள்ளே அச்சடித்ததற்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான்.

நம்ப வேண்டியது ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகளை. மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வருகிறதோ அது ஒவ்வொன்றும் தலைக்கு மேல் ஒரு வரியைச் சேர்த்து, யாரிடமிருந்து வாங்கினேன், நான் யார், எத்தனை மணிக்கு என்று எழுதும். புதியது எப்போதும் மேலே. அதனால் பயணத்தைப் படிக்க வேண்டுமென்றால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அதிலும் கீழே இருப்பதைப் போலியாகச் செருகிவிட முடியும்; நம் சொந்த சர்வர் குத்திய மேல் வரியைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இதைச் சொன்னதும் பெரியப்பா முகம் மலர்ந்துவிட்டது. “இது நம்ம சமாச்சாரம் கண்ணு. பட்டாவுல என்ன எழுதியிருக்குதுன்னு நான் எப்பவும் மொதல்ல பாக்க மாட்டேன். கல்லு எங்க நட்டிருக்குதுன்னுதான் பாப்பேன். சரி, கல்லக் காட்டு.”

மேல் வரியைக் காட்டினேன். அது என் ஜிமெயில் சர்வர் குத்தியது. 31 ஜூலை 2023, 17:42:14.

“பாத்தியா!” என்று தொடையில் தட்டினார். “முப்பத்தொண்ணாந் தேதி. நாந்தான் சொன்னனே. சாயங்காலமே வந்திருக்குது!”

சாயங்காலமே எப்படி வரும், நீங்கள் அனுப்பியதே ராத்திரி பதினொன்றரைக்கு மேல்தானே என்று நான் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த சின்ன எண்ணைத் தொட்டுக் காட்டினேன். −0700. ஜிமெயில் இந்த முத்திரையை அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில்தான் குத்தும். கோடையில் அது உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி பின்னால். நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். மெயிலின் தேதி வரியில் இந்தக் கடைசி எண் இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் வீண். 1982 விதியில் எண்ணுக்குப் பதில் மண்டலங்களின் பெயர்ச் சுருக்கத்தையும் ஒற்றை எழுத்து ராணுவக் குறியையும் போட அனுமதித்திருந்தார்கள். அந்த ஒற்றை எழுத்துகளின் கணக்கை விதிநூலே தப்பாக அச்சிட்டுவிட்டது, பிற்பாடு வந்த விதிநூல் ‘இவற்றுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல முடியாது’ என்று கையைக் கழுவியது.

பெரியப்பா கணக்கில் புலி. பேப்பர் பேனா எல்லாம் கேட்கவில்லை. “ஏழும் அஞ்சரையும் பன்னெண்டரை. பதினேழு நாப்பத்திரண்டோட பன்னெண்டரையக் கூட்டினா முப்பது பன்னெண்டு. இருபத்து நாலு போச்சுன்னா...” என்று நிறுத்திவிட்டார்.

காலை 6:12. ஆகஸ்ட் 1.

கீழே இருந்த வரிகளும் அதையேதான் சொல்லின. அவருடைய மெயில் நிறுவனத்தின் சர்வர் அவர் மடிக்கணினியிடமிருந்து மெயிலை வாங்கிய நேரம் 00:42:11, பக்கத்தில் +0000. நம் ஊர்க் கணக்கில் அதுவும் 6:12. அந்த சர்வர் போட்ட டிஜிட்டல் கையெழுத்துக்குள் ஒரு பத்து இலக்க எண் இருந்தது, 1690850531. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டே வரும் விநாடிக் கணக்கு அது. அதையும் அவர் கேட்டார் என்பதற்காகப் போட்டுப் பார்த்தேன். அதே 6:12. தேதி வரி மட்டும் தன்னந்தனியாக, அசையாமல், 31 ஜூலை 2023 23:41:07 +0530 என்று நின்றது.

பெரியப்பா ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து பெரியம்மா, காபி ஆறுது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். “அன்னைக்கு ராத்திரி கரண்டு போச்சா?”

“ஆடிக் காத்துல எந்த நாளு போகல? தெருவே இருட்டுல கெடந்துச்சு. நீங்கதான் அந்தப் பொட்டி வெளிச்சத்துலயே உக்காந்திருந்தீங்க.”

அவ்வளவுதான். ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் முந்தி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரையே உலுக்கிய இரவு. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, மோடம் செத்துவிட்டது. அவர் பொத்தானை அழுத்தினார். செயலி மெயிலுக்கு 11:41 என்று தேதி போட்டு, அனுப்ப வேண்டியவை என்ற பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. அவர் மூடிவிட்டுப் படுக்கப் போனார். காலையில் பேப்பர் படிக்கத் திறந்தபோது கரண்டும் இருந்தது, இணையமும் இருந்தது, மெயில் தானாகக் கிளம்பிப் போய்விட்டது. அனுப்பிய பெட்டியில் போய் உட்காரும்போது பழைய தேதியோடே உட்கார்ந்தது.

“நான் பொய் சொல்லல கண்ணு” என்றார். யாரும் அவரைப் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. முதல் நாள் போனில் நான் சொன்ன பதிலுக்குத்தான் அது மறுமொழி.

அனுப்புவது என்றால்

கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் இது முடிந்துபோன விஷயம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. எட்டு வருடமாக நான் தேதி வரியை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. எவன் வேண்டுமானாலும் கணினிக் கடிகாரத்தைத் திருப்பிவைத்து எழுதலாம். சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்துகூட, வழியில் யாரும் அந்த வரியை மாற்றவில்லை என்றுதான் சாட்சி சொல்லும், அதில் உள்ள நேரம் உண்மை என்று சொல்லாது. புகார் வந்தால் நேராக ‘ரிசீவ்டு’ வரிகளுக்குப் போ, தேதி வரியைப் பார்க்காதே என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். அப்படியென்றால் அந்த வரி எதற்காக இருக்கிறது? கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று விதிநூல் சொல்லும் வரிகள் இரண்டே இரண்டு: தேதி, அனுப்புநர். பொருள் வரிகூடக் கட்டாயம் கிடையாது. நம்பக் கூடாத ஒன்றை ஏன் கட்டாயம் ஆக்கினார்கள்?

வீட்டுக்கு வந்து விதிநூலை எடுத்தேன். அப்போது நடப்பில் இருந்தது 2008-ல் பீட்டர் ரெஸ்னிக் தொகுத்த ஆர்.எஃப்.சி. 5322. வேலையில் எத்தனையோ தடவை அதில் தேடியிருக்கிறேன், எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியிருக்கிறேன். தேதி வரிக்கான பத்தியை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

அதில் இருப்பதை என் தமிழில் சொல்கிறேன். எழுதியவர் இது முடிந்தது, அனுப்பத் தயார் என்று காட்டிய நேரமே இந்தத் தேதி. மெயில் உண்மையில் பயணப்பட்ட நேரத்தைச் சொல்வது இதன் நோக்கமே அல்ல. இதற்கு அடைப்புக்குறிக்குள் ஓர் உதாரணம் வேறு. கையில் தூக்கிச் செல்லும் கணினி வைத்திருக்கும் ஒருவர், இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரு மெயிலை அனுப்பும் வரிசையில் வைக்கிறார் என்று வைத்துக்கொள். அப்போது தேதி வரியில் இருக்க வேண்டியது அவர் வரிசையில் வைத்த நேரம், பிறகு இணைப்புக் கிடைத்து அனுப்பிய நேரம் அல்ல.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றால் மிகைதான், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மடிக்கணினி, இணைப்பில்லாத இரவு, வரிசையில் வைத்த மெயில். உடுமலைப்பேட்டையில் கரண்டு போன கதையை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். இதே பத்தி 2001-ல் வந்த முந்தைய விதிநூலிலும் இருக்கிறது. புள்ளியை வெட்டிப்போட்ட அந்த ஓட்டைச் செயலி, இந்த ஒரு விஷயத்தில் விதியை எழுத்துக்கு எழுத்து மதித்திருக்கிறது.

அதாவது நான் பொய் என்று ஒதுக்கிய வரி வேறொரு கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. அத்தனை எறும்பு வரிகளுக்கு நடுவில், ஒரு மனுஷன் போதும் என்று பேனாவைக் கீழே வைத்த நேரத்தைச் சொல்லும் வரி அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் இயந்திரத்திடமிருந்து இயந்திரம் வாங்கிய நேரம். பெரியப்பா தன் கட்டுரையை எப்போது முடித்தார் என்று அந்த மெயிலில் வேறு எந்த முத்திரையும் சொல்லாது.

போட்டிக்காரர்கள் பக்கம் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்கள் பெட்டியில் ஆகஸ்ட் 1 காலைதான் வந்தது. நம் நாட்டுச் சட்டமும் அவர்கள் கட்சிதான். 2000-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-வது பிரிவில் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் இருக்கிறது: இருதரப்பும் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், அனுப்புகிறவருடைய கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள ஒரு கணினிக்குள் அந்த மெயில் நுழையும்போதுதான் அது அனுப்பப்பட்டதாக ஆகிறது. கையை விட்டுப் போன நேரம். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் சொன்ன விலைக்கு நான் சம்மதம் என்று எழுதும் கடிதம் எப்போது அவரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கும், எழுதியவர் இனித் திரும்ப எடுக்க முடியாதபடி அது வழியில் போய்விட்ட நேரம் என்றுதான் இருக்கிறது. தபால் பெட்டிக்குள் விழும் ‘தொப்’ சத்தம்தான் எல்லை. அந்தக் கணக்கில் பெரியப்பாவின் மெயில் இரவு முழுக்க அவர் சட்டைப் பையிலேயே இருந்த கடுதாசி.

ஆனாலும் போட்டி அறிவிப்பில் இருந்த சொல் ‘வந்து சேர வேண்டும்’ என்பதல்ல. ‘ஜூலை 31 நள்ளிரவுக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும்’. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அந்தப் பத்தியைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் போன் செய்தபோது, பெரியப்பாதான் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டினார். நான் விதிநூலில் இருப்பதைச் சொன்னேன். சட்டத்தில் இருப்பதையும் சொன்னேன். அதை மறைத்தால் நன்றாக இருக்காது. இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

“அப்ப பதினொண்ணு நாப்பத்தொண்ணுங்கறது தப்பு இல்ல.”

“தப்பு இல்லீங்க. அது நீங்க முடிச்ச நேரம்.”

“அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கறத அப்படியே தமிழ்ல எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன், மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் கவனமாக. அவர் என்னிடம் சொல்லாமல் செய்த வேலை எனக்குப் பெரியம்மா மூலம்தான் தெரிந்தது. தலைப்பகுதியின் எல்லா வரிகளையும் கடையில் பிரிண்ட் எடுத்து, தேதி வரிக்கு அடியில் பச்சை மசியில் ஒன்று, 6:12 வரிகளுக்கு அடியில் சிவப்பில் ஒன்று என்று கோடு போட்டு, என் மொழிபெயர்ப்பையும் வைத்து, கையால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கட்டுரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாதாம். இன்ன நேரத்தில் முடித்தேன், இன்ன நேரத்தில் தங்களுக்கு வந்தது, இரண்டும் மெய், தகவலுக்காக. அளவை அறிக்கை மாதிரி. அதை மெயிலில் அனுப்பவில்லை. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பினார்.

ஒன்பது நாள் கழித்து அட்டை திரும்பி வந்தது. அன்றைக்கு நான் ஆபீஸில் ஏதோ மீட்டிங்கில் இருந்தேன். மூன்று தடவை போன் அடித்ததும் வெளியே வந்து எடுத்தேன். அட்டையில் கையெழுத்து இருக்கிறதாம், ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறதாம். தபால் முத்திரையும் இருக்கிறது, ஆனால் வட்டத்துக்கு நடுவில் மை அப்பிக் கிடக்கிறது. மாதம் தெரிகிறது. பழைய வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தேதியக் காணோம் கண்ணு.”